ஆணிமுத்தும் அறுபத்தைந்தாம் இராகமும்

தூத்துக்குடி என்றதும் முத்து, உப்பு, துறைமுகம் ஆகிய மூன்றும் நினைவுக்கு வருவது இயல்பு. இந்த மூன்று தொழில்களையும் அடியிலிருந்து தாங்கி நின்ற வேறொரு வேலை உண்டு. அது எண்ணுவதும், எண்ணியதை மறவாமல் வைத்திருப்பதும் ஆகும். சிப்பிகளை ஆயிரம் ஆயிரமாக எண்ணியவர்களும், முத்துகளை மஞ்சாடிக் கணக்கில் நிறுத்தவர்களும், கடலடிப் பாறைத் திட்டின் ஆழத்தைப் பாகக் கணக்கில் மனத்தில் பதித்துக்கொண்டவர்களும், ஓலையும் தாளும் கைக்கு எட்டாத இடங்களில் நின்று வேலை செய்தவர்கள். ஆகவே எண்ணை வேறு ஏதேனும் ஒன்றில் கட்டி வைக்காமல் அவர்களால் தொழில் நடத்தியிருக்க முடியாது. நீண்ட எண்களை நினைவில் நிறுத்தும் உத்திகளை இன்று உளவியல் நூல்கள் விரிவாகப் பேசுகின்றன. அவற்றுள் முதன்மையான பலவற்றை, துறைமுகத்தில் தொடங்கி எட்டயபுரத்தில் முடியும் ஒரு நாள் பயணத்தில், இந்த மண்ணின் வாழ்வோடு கலந்த வடிவிலேயே அறிந்துகொள்ளலாம். அந்தப் பயணத்தின் வழியே இக்கட்டுரை செல்கிறது.

பெட்டியின் மேல் ஓர் எண்

பயணம் துறைமுகத்தில் தொடங்குவது பொருத்தம். 1906-இல் சுதேசிக் கப்பல் நிறுவனத்தை இவ்வூரில் தொடங்கிய வ.உ. சிதம்பரனாரின் பெயரைத் தாங்கியிருக்கும் இத்துறைமுகம், 1974-ஆம் ஆண்டு ஜூலை 11 அன்று பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. இங்கு வரும் சரக்குப் பெட்டகம் ஒவ்வொன்றின் பக்கத்திலும் நான்கு உரோமானிய எழுத்துகளும் ஏழு இலக்கங்களும் எழுதப்பட்டிருப்பதைச் சாலையில் செல்பவர்களும் காணலாம். முதல் மூன்று எழுத்துகள் உரிமையாளரையும், நான்காவது எழுத்து பெட்டகத்தின் வகையையும், அடுத்த ஆறு இலக்கங்கள் அதன் வரிசை எண்ணையும் குறிக்க, ஏழாவது இலக்கம் மட்டும் தனக்கென ஒரு பொருள் இல்லாமல் மற்றவற்றுக்குக் காவலாக நிற்கிறது. ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு மதிப்புக் கொடுத்து, முதல் இடத்தை ஒன்றாலும், அடுத்ததை இரண்டாலும், அதற்கடுத்ததை நான்காலும் எனப் பெருக்கும் எண்ணை இரட்டித்துக்கொண்டே சென்று, பெருக்கி வந்தவற்றை எல்லாம் கூட்டிப் பதினொன்றால் வகுத்தால் கிடைக்கும் மீதியே அந்தக் காவல் இலக்கம். மீதி பத்தாக வந்தால் அது சுழியம் என எழுதப்படும். யாரேனும் ஓர் இலக்கத்தைத் தவறாகக் கேட்டு எழுதிவிட்டால் பெரும்பாலும் மீதி ஒத்துவராது. பிழை உடனே வெளிப்பட்டுவிடும்.

இத்தகைய காவல் ஏன் தேவைப்படுகிறது என்பதை மனித நினைவின் இயல்பு விளக்குகிறது. ஒருமுறை கேட்டவுடன் மனம் பற்றி வைத்துக்கொள்ளும் உருப்படிகள் ஏறத்தாழ ஏழு என்றும், அதில் இரண்டு கூடலாம் அல்லது குறையலாம் என்றும் அமெரிக்க உளவியலறிஞர் ஜார்ஜ் மில்லர் 1956-இல் எழுதினார். அவர் சேர்த்துச் சொன்ன மற்றொரு செய்தி இன்னும் முக்கியமானது: பல இலக்கங்களை ஒரு கட்டாகச் சேர்த்துவிட்டால், மனம் அந்தக் கட்டு முழுவதையும் ஓர் உருப்படியாகவே கொள்ளும். பத்து இலக்க அலைபேசி எண்ணை ஐந்தும் ஐந்துமாகப் பிரித்துச் சொல்லும் நம் வழக்கத்தின் அடிப்படை இதுவே. 1980-இல் எரிக்சன், சேஸ், ஃபலூன் ஆகிய மூவர் வெளியிட்ட ஆய்வில், தொடக்கத்தில் ஏழு இலக்கங்களை மட்டுமே திருப்பிச் சொல்ல முடிந்த ஒரு கல்லூரி மாணவர், சுமார் இருபது மாதப் பயிற்சிக்குப் பிறகு எழுபத்தொன்பது இலக்கங்களைச் சொன்னார். அவர் நெடுந்தூர ஓட்டக்காரர். கேட்ட இலக்கங்களை மும்மூன்றாகவும் நந்நான்காகவும் பிரித்து, ஒவ்வொரு கட்டையும் ஏதேனும் ஓர் ஓட்டப் பந்தயத்தின் நேரமாகக் கொண்டு மனத்தில் வைத்தார். இலக்கங்களுக்குப் பதிலாக எழுத்துகளைக் கொடுத்தபோது அவருடைய நினைவு மீண்டும் ஆறு உருப்படிகளுக்குச் சுருங்கிவிட்டது. பயிற்சியால் அவருடைய நினைவாற்றல் பொதுவாகப் பெருகிவிடவில்லை என்பதையும், எண்கள் அவருக்கு ஏற்கெனவே நன்கு தெரிந்த ஒன்றோடு சேர்ந்ததால்தான் நிலைத்தன என்பதையும் இது காட்டுகிறது. இந்தப் பயணம் முழுவதும் திரும்பத் திரும்ப எதிர்ப்படும் உண்மை இதுவே.

கரையைப் பார்த்துக் கடலை அறிதல்

துறைமுகத்திலிருந்து வடக்கே பழைய நகரத்துக்குள் வந்தால் பனிமய மாதா பேராலயமும், அதைச் சுற்றி வாழும் பரதவர் குடியிருப்புகளும் வருகின்றன. முத்துக்குளித்துறை என்று பெயர் பெற்ற கரையின் நடுப்பகுதி இது. கரையிலிருந்து பத்து முதல் இருபது கிலோமீட்டர் தொலைவில், ஏறத்தாழ 12 முதல் 25 மீட்டர் ஆழத்தில், முத்துச் சிப்பிகள் ஒட்டி வளரும் பாறைத் திட்டுகள் கிடக்கின்றன. இவற்றைப் 'பார்' என்பது இக்கரையின் வழக்கு. கடலின் மேற்பரப்பில் ஒரு பாருக்கும் அடுத்ததற்கும் எந்த வேறுபாடும் தெரியாது. ஆயினும் தோணியைச் செலுத்தும் தண்டல், திசைக்கருவி எதுவும் இல்லாமலே குறித்த பாரின் மேல் கொண்டுபோய் நங்கூரம் இட வல்லவராக இருந்தார்.

கரையில் முன்னும் பின்னுமாக உள்ள இரண்டு அடையாளங்கள், எடுத்துக்காட்டாக ஒரு தேவாலய முகடும் அதற்குப் பின்னுள்ள பனைக்கூட்டமும், ஒரே கோட்டில் தெரியும்படி தோணியை நிறுத்தினால், தோணி நிற்கும் இடம் அந்தக் கோட்டின் மேல் எங்கோ இருக்கிறது என்பது உறுதியாகும். வேறொரு திசையில் இன்னும் இரண்டு அடையாளங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும் வரை அந்தக் கோட்டிலேயே நகர்ந்தால், இரு கோடுகளும் வெட்டும் புள்ளியில் தோணி வந்து நிற்கும். அதன்பின் ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி ஆழத்தைப் பாகத்தில் அளந்து, குண்டின் அடியில் ஒட்டி வரும் மண்ணைப் பார்த்து இடத்தை உறுதி செய்வார்கள். பாகம் என்பது இரு கைகளையும் பக்கவாட்டில் விரித்த நீளம். திருச்செந்தூர்க் கோபுரமும், மணப்பாட்டில் மணற்குன்றின் மேல் நிற்கும் திருச்சிலுவை ஆலயமும் வழிபாட்டுக்கு உரியவை. கடலில் நிற்பவருக்கு அவை கணக்குக்கும் உரியவை. ஒவ்வொரு பாருக்கும் உரிய ஆழமும் தொலைவும் கரைக்காட்சி ஒன்றோடு பிணைந்திருப்பதால், காட்சியைக் கண்டதும் எண் தானாக எழுகிறது.

இடத்தோடு பொருளைப் பிணைத்து நினைவில் வைக்கும் இந்த முறை உலகின் பழமையான நினைவுக் கலைகளுள் ஒன்றின் அடிப்படையாகவும் இருக்கிறது. கிரேக்கக் கவிஞர் சிமோனிடிசோடு தொடர்புபடுத்திக் கூறப்படும் அக்கலையில், நன்கு தெரிந்த ஒரு கட்டடத்தை மனக்கண்ணில் நிறுத்தி, நினைவில் வைக்க வேண்டியவற்றை உருவங்களாக்கி அதன் அறைகளில் வரிசையாக வைத்துவிட்டு, தேவைப்படும்போது மனத்தாலேயே அக்கட்டடத்தினுள் நடந்து ஒவ்வொன்றாக எடுப்பார்கள். இந்தியாவில் சில ஆண்டுகள் தங்கிய பிறகு சீனம் சென்ற சேசு சபைத் துறவி மத்தேயோ ரிச்சி, 1596-இல் இக்கலையைச் சீன மொழியில் நூலாக எழுதினார். அதே சபையைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரான புனித சவேரியார் 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது, கையில் மணியோடு தெருத்தெருவாகச் சென்று சிறுவர்களைக் கூட்டித் தமிழில் மன்றாட்டுகளை மனப்பாடம் செய்வித்தார் என்பது வரலாறு. கட்டடங்களைக் கற்பனை செய்யும் தேவை இக்கரையின் தண்டலுக்கு இருந்ததில்லை. அவருக்குக் கரை முழுவதுமே நினைவின் வீடாக இருந்தது.

பத்துச் சல்லடைகளும் துண்டுக்குள் விரல்களும்

தூத்துக்குடிக் கடலில் பெரிய அளவிலான முத்துக்குளிப்பு 1955 முதல் 1961 வரை நடந்ததே கடைசி. அதன்பின் இவ்வூரிலுள்ள மத்தியக் கடல் மீன் வள ஆராய்ச்சி நிலையத்தின் அறிஞர்கள் 1973-இல் சிப்பிகளை வளர்த்து முத்து விளைவிப்பதில் வெற்றி கண்டனர். முத்துச் சந்தை மறைந்துவிட்டாலும், அங்கு நடந்த கணக்கின் முறை பழைய ஆவணங்களில் தெளிவாகப் பதிவாகியிருக்கிறது.

மன்னார் வளைகுடாவின் முத்துகள் முதலில் பித்தளைச் சல்லடைக் கிண்ணங்களில் சலிக்கப்பட்டன. ஒரே அளவுள்ள பத்துக் கிண்ணங்களில் துளைகளின் எண்ணிக்கை முறையே 20, 30, 50, 80, 100, 200, 400, 600, 800, 1000 என்று ஏறிச் செல்லும். துளைகள் பெருகப் பெருக அவை சிறுத்துப்போவதால், இருபது துளைக் கிண்ணத்தில் தங்கும் முத்து மிகப் பெரியதாகவும், ஆயிரம் துளைக் கிண்ணத்தில் தங்குவது மிகச் சிறியதாகவும் அமையும். அளவுக்குப் பின் வடிவமும் ஒளியும் நோக்கித் தரம் பிரிக்கப்பட்டது. அத்தரங்களுள் தலையாயதன் பெயர் ஆணி. 'ஆணிமுத்து' என்று இன்றும் சிறந்ததைச் சுட்டும் சொல் இவ்வணிகத்தில் புழங்கிய தரப்பெயரே.

அளவும் தரமும் தெரிந்த பிறகு விலை காண்பதில்தான் மனக்கணக்கின் வலிமை வெளிப்பட்டது. முத்தின் மதிப்பு எடையோடு நேராக ஏறுவதில்லை. எடையின் வர்க்கத்தோடு, அதாவது எடையை அதே எடையால் பெருக்கி வரும் தொகையோடு, ஏறுகிறது. ஒரு முத்தின் எடை இரு மடங்கானால் மதிப்பு நான்கு மடங்காகும். பல முத்துகளைச் சேர்த்து நிறுத்தால், மொத்த எடையின் வர்க்கத்தை முத்துகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும்: எட்டு மஞ்சாடி எடையுள்ள ஒரே முத்துக்கு அறுபத்து நான்கு பங்கு மதிப்பு என்றால், அதே எட்டு மஞ்சாடிக்கு நான்கு முத்துகள் நின்றால் பதினாறு பங்குதான். மஞ்சாடி என்பது செந்நிற விதையொன்றின் எடை. இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு. இத்தகைய கணக்கைச் சந்தையில் நின்றபடியே போடுவதற்கு வர்க்கங்கள் நாவில் தயாராக இருந்தாக வேண்டும். தமிழ் எண்சுவடிகளில் 'குழிமாற்று' என்ற பெயரில் வர்க்க வாய்ப்பாடு தனியே இடம்பெற்றிருப்பதை எண்ணிப் பார்த்தால், நிலத்தின் குழிக்கணக்குக்காகப் பிள்ளைகள் உருப்போட்ட அதே வாய்ப்பாடு முத்தின் விலைக்கும் உதவக்கூடியது என்பது விளங்கும்.

விலையை வாய்விட்டுச் சொல்லாமல் பேசியதும் எண்களைக் காக்கும் ஒரு முறையே. பதினேழாம் நூற்றாண்டில் இந்தியாவில் பயணம் செய்த பிரெஞ்சு இரத்தின வணிகர் தவெர்னியே, இந்திய வணிகர்கள் துணிக்கடியில் கைகோத்து விலை பேசியதைப் பதிவு செய்திருக்கிறார்: முழுக் கையையும் பற்றினால் ஆயிரம், எத்தனை முறை அழுத்தினாரோ அத்தனை ஆயிரம், ஒரு விரலைப் பற்றினால் நூறு, விரலின் நடுக்கணு வரை என்றால் ஐம்பது, நுனி மட்டும் என்றால் பத்து. அருகில் நிற்பவர் அறியாமல் பெருந்தொகை ஒன்று கைமாறுவதற்கு இது வழி செய்தது. கூடவே ஆயிரம், நூறு, பத்து ஆகிய இடமதிப்புகளை உடலின் உறுப்புகளோடு பிணைத்து, தொகையைத் தொடு உணர்வாகவே நினைவில் பதித்தது. தமிழ்நாட்டின் மாட்டுச் சந்தைகளில் துண்டுக்குள் கைவிட்டு விலை பேசும் தரகர்களிடம் இந்த விரல்மொழி தொடர்ந்து வழங்கி வந்திருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, பாண்டிய நாட்டு அரசர் 104 முத்துகளும் மாணிக்கங்களும் கோத்த மாலையை அணிந்திருந்ததாகவும், நாள்தோறும் 104 முறை மன்றாட வேண்டிய கடமையை எண்ணி முடிக்க அது உதவியதாகவும் எழுதியிருக்கிறார். எண்ணுபவரின் கவனம் சிதறினாலும் மணி சிதறாது என்பதே மாலையின் பயன்.

கொற்கையும் திண்ணைப் பள்ளியும்

திருச்செந்தூர்ச் சாலையில் பழையகாயலைக் கடந்து உள்நாட்டுப் பக்கம் திரும்பினால், வயல்களுக்கும் வாழைத் தோட்டங்களுக்கும் நடுவே கொற்கை வருகிறது. பாண்டியரின் முத்துத் துறைமுகமாக விளங்கிய இவ்வூரைக் கடல் விட்டு விலகிப் பல கிலோமீட்டர் கிழக்கே சென்றுவிட்டது. தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டல் துறைமுகத்தை ஊராக்கியது. இவ்வளவு பெரிய வணிகம் நடந்த இடத்தில் அதன் கணக்கேடு எதுவும் எஞ்சவில்லை. கணக்குப் போடும் முறை மட்டும் தலைமுறைகள் கடந்து திண்ணைப் பள்ளிகள் வரை வந்து சேர்ந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை தமிழ்ப் பிள்ளைகள் கணக்குக் கற்றது எண்சுவடி வழியாகவே. அது முழு எண்களோடு, கால், அரைக்கால், வீசம் எனப்படும் பதினாறில் ஒன்று, முந்திரி எனப்படும் முந்நூற்று இருபதில் ஒன்று போன்ற பின்னங்களின் பெருக்கல் வாய்ப்பாடுகளையும் கொண்டிருந்தது. வகுப்பில் மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை உரக்கச் சொல்ல, மற்றவர்கள் ஒரே குரலில் திருப்பிச் சொல்லும் 'முறை வைத்தல்' என்ற பயிற்சியில், காது கேட்டதை வாய் சொன்னது. வாய் சொன்னதைக் கை மணலில் எழுதியது. ஒவ்வொரு வாய்ப்பாட்டின் முடிவிலும் அதிலுள்ள பெருக்குத் தொகைகள் அனைத்தையும் கூட்டினால் வரும் மொத்தத்தைச் சொல்லும் செய்யுள் ஒன்று அமைந்திருந்தது. நடுவில் ஏதேனும் ஓர் எண் தவறியிருந்தால் மொத்தம் ஒத்துவராது. துறைமுகப் பெட்டகத்தின் ஏழாவது இலக்கம் செய்யும் அதே காவல் வேலையை, ஓலைச் சுவடிக் காலத்திலேயே அந்தச் செய்யுள் செய்துவந்தது என்பது வியந்து போற்றத்தக்கது.

நினைவையே ஒரு பாடமாக வளர்த்த கல்வி அது. மாலையில் பள்ளி விடும்போது ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பூவின் பெயர், ஒரு பறவையின் பெயர் என்று சொல்லி அனுப்பி, மறுநாள் காலை அவற்றைக் கேட்கும் வழக்கத்தை உ.வே. சாமிநாதையர் தம் வாழ்க்கை வரலாற்றில் குறித்திருக்கிறார். இந்த மரபின் உச்சமே அவதானக் கலை. பலர் ஒரே நேரத்தில் கேட்கும் பல்வகை வினாக்களுக்கும் மனத்திலேயே விடை அமைத்து, இறுதியில் வரிசை பிறழாமல் கூறுவது அவதானம்; செய்யுள் இயற்றுதல், பெருங்கணக்குப் போடுதல் ஆகியவற்றோடு, முதுகில் விழும் கற்களையும் காதில் விழும் மணியோசையையும் எண்ணிவருவதும் அதில் அடங்கும். தூத்துக்குடிக்குத் தெற்கே நாகர்கோவிலை அடுத்த இடலாக்குடியைச் சேர்ந்த செய்குத்தம்பிப் பாவலர், 1907 மார்ச் 10 அன்று சென்னை விக்டோரியா அரங்கில் நூறு வினாக்களை ஏற்கும் சதாவதானத்தை நிகழ்த்தினார்.

சோழிகளால் கணித்த கிரகணம்

கொற்கையிலிருந்து திரும்பி மதுரைச் சாலையைப் பிடித்தால், உப்பளங்களின் வெண்மை மெல்ல மறைந்து கரிசல் தொடங்குகிறது. இந்த நிலத்தின் வீடுகளில் சுவரில் தொங்கும் பஞ்சாங்கத்துக்குப் பின்னால் நீண்ட எண்களை நினைவில் நிறுத்திய மற்றொரு பெரும் மரபு இருக்கிறது. வெள்ளிக் கோளின் கடப்பைக் காண இந்தியா வந்து புதுச்சேரியில் தங்கிய பிரெஞ்சு வானியலறிஞர் லெ ழாந்தீல், தமிழர் ஒருவர் சோழிகளைத் தரையில் நகர்த்திச் சந்திர கிரகணத்தைக் கணித்ததைக் கண்டு வியந்து, அம்முறையை அவரிடம் கற்றார். 1765 ஆகஸ்ட் 30-இல் நிகழ்ந்த கிரகணத்தின் கால அளவில் தமிழ்க் கணிப்பு 41 வினாடிதான் குறைந்தது. ஐரோப்பாவின் சிறந்த அட்டவணைகளுள் ஒன்றான மாயரின் அட்டவணைக் கணிப்போ 68 வினாடி மிகுந்தது. அறுபது ஆண்டுகளுக்குப் பின், 1825-இல் ஜான் வாரன் வெளியிட்ட 'கால சங்கலித'த்திலும் இதே காட்சி பதிவாகியிருக்கிறது. எழுதிய அட்டவணை ஒன்றும் முன்னால் இல்லாமல், சில செயற்கைச் சொற்களாகவும் அசைகளாகவும் மனப்பாடம் செய்திருந்த எண்களைக் கொண்டு, அவ்வாண்டு மே இறுதி இரவின் சந்திர கிரகணத்தைப் புதுச்சேரிப் பகுதியின் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் அவருக்குக் கணித்துக் காட்டினார். கிரகணத்தின் தொடக்கத்தில் 4 நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமும் மட்டுமே பிழை இருந்தது.

எண்களைச் சொற்களாக மாற்றிய அம்முறைக்குக் கடபயாதி என்று பெயர். க, ட, ப, ய என்ற நான்கு எழுத்துகளிலிருந்தும் எண்ணத் தொடங்குவதால் இப்பெயர் வந்தது. வடமொழி மெய்யெழுத்து வரிசையில் 'க' முதல் ஒன்பது எழுத்துகளுக்கு 1 முதல் 9 வரை மதிப்பு. 'ட' முதல் ஒன்பது எழுத்துகளுக்கும் அவ்வாறே. 'ப' முதல் ஐந்துக்கு 1 முதல் 5 வரை. 'ய' முதல் எட்டுக்கு 1 முதல் 8 வரை. 'ஞ'வும் 'ந', 'ன' ஒலிகளும் சுழியம். மெய்கள் அடுத்தடுத்து வந்தால் உயிரோடு சேர்ந்த கடைசி மெய்க்கு மட்டுமே மதிப்பு உண்டு. சொல்லின் முதல் எழுத்து ஒன்றாம் இடத்தையும், அடுத்தது பத்தாம் இடத்தையும் குறிப்பதால், எண்ணைப் பின்னிருந்து முன்னாக எழுத வேண்டும். 'தேவரம்' என்ற சொல்லில் தே எட்டு, வ நான்கு, ர இரண்டு. திருப்பி எழுதினால் 248. நிலவு பூமிக்கு மிக அருகில் வரும் நிலையிலிருந்து மீண்டும் அந்நிலைக்கு வர ஏறத்தாழ 27.55 நாள் ஆகிறது. அத்தகைய ஒன்பது சுற்றுகளுக்கு 248 நாள். 'கலானிலம்' என்ற சொல் 3031 நாளைக் குறிக்கிறது. அது நூற்றுப்பத்துச் சுற்றுகளின் காலம். அந்த 248 நாள்களில் ஒவ்வொரு நாளும் நிலவு நிற்கும் இடத்தை 248 வாக்கியங்கள் சொல்லும். வாக்கியப் பஞ்சாங்கம் என்ற பெயரே இவ்வாக்கியங்களிலிருந்து வந்ததுதான்.

கேரளத்தைச் சேர்ந்த ஹரிதத்தர் கி.பி. 683-ஐ ஒட்டிய தம் வானியல் நூலில் இம்முறையைக் கையாண்டிருக்கிறார். ஐரோப்பாவில் மெய்யெழுத்துகளுக்கு எண்மதிப்புக் கொடுக்கும் முறையைப் பாரிசில் ஏரிகோன் 1634-இல்தான் வெளியிட்டார். இன்று உலகமெங்கும் நினைவுப் போட்டியாளர்கள் பயன்படுத்தும் முறை அந்த வழியில் வளர்ந்தது. வட்டத்தின் சுற்றளவுக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதத்தைப் பதினேழு தசம இடங்கள் வரை ஒரே சொற்றொடரில் அடக்கிய 'சத்ரத்னமாலை' என்ற நூலும் கடபயாதியின் பயனே. அதே விகிதத்தின் 70,000 இலக்கங்களை இந்தியரான ராஜ்வீர் மீனா 2015 மார்ச் 21 அன்று வேலூரில், கண்களைக் கட்டிக்கொண்டு ஏறத்தாழ பத்து மணி நேரம் ஒப்பித்து உலகச் சாதனை படைத்தார்.

எட்டயபுரம்: பெயருக்குள் இருக்கும் எண்

எட்டயபுரத்துக்கு வருபவர்கள் பாரதி பிறந்த வீட்டுக்குச் செல்வது வழக்கம். அதே ஊரில் அட்டக்குளத்தின் அருகே முத்துசுவாமி தீட்சிதரின் நினைவிடம் இருக்கிறது. 1835-ஆம் ஆண்டு தீபாவளி நாளில் அவர் இங்கே மறைந்தார். அவருடைய தம்பி பாலுசுவாமி தீட்சிதரின் பேரனும் தத்துப்பிள்ளையுமான சுப்பராம தீட்சிதர், எட்டயபுரம் சமஸ்தானத்தின் ஆதரவில் 1904-இல் இவ்வூர் அச்சகத்திலேயே 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' என்ற பெருநூலைத் தெலுங்கு எழுத்தில் அச்சிட்டு வெளியிட்டார். வேங்கடமகி பதினேழாம் நூற்றாண்டில் வகுத்த எழுபத்திரண்டு மேளங்களின், அதாவது தாய் இராகங்களின், அடிப்படையில் இராகங்களையும் கீர்த்தனைகளையும் நிரல்படுத்தும் அந்நூல், தீட்சிதர் மரபின் முதன்மை ஆவணம்.

எழுபத்திரண்டு மேளங்களின் பெயர்களும் கடபயாதிக்கு இசையப் பிற்காலத்தில் அமைக்கப்பட்டவை. முதல் இரண்டு எழுத்துகளைப் பார்த்தால் எண் தெரிந்துவிடும். கனகாம்பரியில் க ஒன்று, ன சுழியம். திருப்பினால் 01, அதுவே முதல் மேளம். ரசமஞ்சரியில் ர இரண்டு, ச ஏழு. அது 72, கடைசி மேளம். சங்கராபரணத்துக்கு முன்னால் 'தீர' என்ற அடை சேர்ந்தது 29-ஐக் குறிக்கவே. தீட்சிதர் மரபில் கல்யாணிக்குச் 'சாந்தகல்யாணி' என்றும், மற்றொரு மரபில் 'மேசகல்யாணி' என்றும் பெயர். இரு பெயர்களும் வேறுவேறு எழுத்துகளால் ஒரே 65-க்கு வந்து சேர்கின்றன.

இதற்கு மேலும் ஒரு நுட்பம் உண்டு. எழுபத்திரண்டு மேளங்களும் ஆறாறாகப் பன்னிரண்டு சக்கரங்களில் அடங்கும். அந்தச் சக்கரங்களின் பெயர்கள் இந்து, நேத்திரம், அக்கினி, வேதம், பாணம், ருது, ரிஷி, வசு, பிரம்மா, திசி, ருத்திரன், ஆதித்தியன் என்பன. நிலவு ஒன்று, கண் இரண்டு, வேள்வித் தீ மூன்று, வேதம் நான்கு, மன்மதனின் அம்பு ஐந்து, பருவம் ஆறு எனப் பொருளின் எண்ணிக்கையையே எண்ணாகக் கொள்ளும் பூதசங்கியை முறை இது. இப்போது 65 என்ற எண்ணை எடுத்துக்கொண்டால், பத்துச் சக்கரங்களில் அறுபது மேளங்கள் கழிந்து, பதினோராவதான ருத்திர சக்கரத்தில் ஐந்தாவதாக அது நிற்கிறது. எண் 36-ஐத் தாண்டிவிட்டதால் மத்திமம் பிரதி மத்திமம் என்பதும், சக்கரத்தைக் கொண்டு ரிஷபமும் காந்தாரமும், சக்கரத்துக்குள் உள்ள இடத்தைக் கொண்டு தைவதமும் நிஷாதமும் இன்னவை என்பதும் தெளிவாகும். 65-இலிருந்து 36-ஐக் கழித்தால் 29. கல்யாணியின் மத்திமத்தை மட்டும் மாற்றினால் சங்கராபரணம் கிடைக்கும் என்ற இசை உண்மையை இந்தக் கழித்தல் சொல்லிவிடுகிறது. மற்ற நினைவு உத்திகளில் சொல்லைக் கொண்டு எண்ணைப் பெறுவதோடு வேலை முடிந்துவிடும். எட்டயபுரத்தில் பெயர் எண்ணைத் தருகிறது, எண் இசையையே தருகிறது.

தமிழ் எழுத்தில் இம்முறையைப் படிப்பவர் ஒன்றில் கவனமாக இருக்க வேண்டும். தமிழில் ஒரே ககரம் வடமொழியின் நான்கு ஒலிகளையும் ஏற்பதால், 22-ஆம் மேளமாகிய கரகரப்பிரியாவைத் தமிழ் எழுத்தை மட்டும் கொண்டு கணக்கிட்டால் 21 என்ற பிழையான எண் வரும். தீரசங்கராபரணம் 26 ஆகிவிடும். ஆகவே எழுத்தைக் கொள்ளாமல் மூல ஒலியைக் கொண்டே எண்ண வேண்டும். தமிழ் எண்சுவடி எழுத்துக் குறியீட்டை நாடாமல் ஓசையையும் கூட்டுத்தொகைச் செய்யுளையும் நாடியதற்கும், பஞ்சாங்கமும் இசையும் கடபயாதியை நாடியதற்கும் இந்த எழுத்து வேறுபாடும் ஒரு காரணமாக இருக்கலாம்.

துறைமுகத்திலிருந்து எட்டயபுரம் வரை கண்டவற்றைச் சேர்த்து நோக்கினால் ஒரே முடிவுக்கு வர முடிகிறது. தனியே நிற்கும் எண் எவர் நெஞ்சிலும் தங்குவதில்லை; கடலோடி கரையிலும், தரகர் விரலிலும், திண்ணைப் பிள்ளை ஓசையிலும், கணிதர் வாக்கியத்திலும், இசைவாணர் இராகத்தின் பெயரிலும், தத்தமக்கு ஏற்கெனவே உயிராக இருந்த ஒன்றில் எண்ணைக் குடியேற்றினார்கள். எண்களைக் கருவியிடம் ஒப்படைத்துவிட்டு மறந்துபோகும் இக்காலத்தில், இந்தச் செல்வம் பிள்ளைகளின் கைக்குப் போய்ச் சேர வேண்டும். கருநாடக இசை கற்கும் குழந்தை முதல் நாளில் சரளி வரிசையைப் பாடுவது மாயாமாளவகௌளையில். அதில் மா ஐந்து, ய ஒன்று, திருப்பினால் பதினைந்து. இதை இசையாசிரியர்கள் முதல் பாடத்தன்றே குழந்தைக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். கணக்காசிரியர்கள் வாய்ப்பாட்டை ஓசையோடும் கூட்டுத்தொகையோடும் கற்பிக்க வேண்டும்.